இருபத்தேழு அங்குல வாசல்

2024 பெப்ரவரி 17, சனிக்கிழமை, காலை 8.40. மழை இல்லை, பனி மட்டும் மலையை விட்டு இறங்காமல் நின்றது. கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் வான் சாரதியும் நானுமாக என் மனைவியை வானில் ஏற்றினோம். சக்கரக் கதிரையை மடித்துப் பின்னால் வைத்தேன். மிதிபலகை இரண்டு, மெத்தை ஒன்று, காற்றடிக்கும் பம்பு ஒன்று. இரண்டு தடவை எண்ணினேன்.

பழைய தேயிலைத் தோட்டமொன்றின் கட்டடங்களைத் திறந்த வெளியில் அப்படியே காட்சிக்கு வைத்திருக்கும் நூதனசாலை ஒன்று புசல்லாவை வீதியில் இருக்கிறது. அங்கே ஒரு லயம், தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக இருந்த நீளக் கட்டடம். அதில் காம்பிரா என்ற ஒற்றை அறை ஒன்றை அடுப்பு, அம்மி, தகரப் பெட்டியோடு குடும்பம் இருந்தபடியே வைத்திருக்கிறார்கள். மடுல்கெல்லையில் அப்படியொரு காம்பிராவில்தான் அவள் பிறந்தாள்.

முதல் தடவை போனபோது முன்திண்ணையான இஸ்தோப்பின் படியில் கதிரை ஏற வழியில்லை. நான்கு பேர் அவளைக் கதிரையோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். அவள் எதையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். திரும்பும் வழியில் கம்பளை வந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

“நான் என்ன கொழுந்துக் கூடையா, நாலு பேர் தூக்க? நானா போக முடிஞ்சா கூப்பிடுங்க. இல்லாட்டி இனிமே கோயிலுக்குக்கூட கூப்பிடாதீங்க.”

சொன்னபடியே பதினொரு மாதம் அவள் வீட்டுப் படலையைத் தாண்டவில்லை.

நான் மாநகரசபையில் வேலைப் பகுதி எழுதுவினைஞராக முப்பத்தொரு வருஷம் இருந்தவன். சாய்தளம் கேட்டு நூதனசாலைக்கு நான்கு கடிதம் எழுதினேன். ஐந்தாவதோடு வரைபடமும் வைத்தேன். வந்து அளந்து தரும்படி பதில் வந்தது. பஸ்ஸில் போய் அளந்தேன். படி ஒன்பது அங்குல உயரம். ஓர் அங்குலத்துக்கு ஓர் அடி என்று ஒன்பது அடிச் சாய்தளம். வாசல் இருபத்தேழு அங்குலம், கதிரை இருபத்தைந்து. தாராளமாகப் போகும் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அப்படியே கட்டியிருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை அவள் சக்கரத்தைப் பதினான்கு தடவை தள்ளிச் சாய்தளத்தில் ஏறினாள். நான் பின்னால், தொடாமல். இஸ்தோப்பில் நின்று பலகையை வாசித்தாள்: தொழிலாளர் வதிவிடம்.

“காம்பிரான்னு எழுதினா மை தீர்ந்துருமா?” என்றாள்.

பிறகு வாசலுக்குள் திரும்பினாள். கதிரை பாதி நுழைந்ததும் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் ஓர் அங்குலம்தான் இடைவெளி. சக்கரத்தைத் தள்ளும் விரல்களுக்கு அங்கே இடமில்லை. படி, வாசல், சக்கரம் எல்லாம் அளந்தவன் அவள் கையை அளக்கவில்லை.

காவலாளி ஓடி வந்தார். “தூக்கிறலாமுங்க ஐயா. ஆளுங்க இருக்காங்க.”

“ஐயாவ வேணும்னா தூக்குங்க. அவருக்குத்தான் கால் நடுங்குது,” என்றாள் அவள்.

சக்கரத்திலிருந்து கையை எடுத்தாள். முன்னால் எட்டி, வாசல் நிலையின் இரு கட்டைகளையும் பிடித்தாள். ஒரு இழுப்பு. இன்னொன்று. மூன்றாவதில் கதிரை உள்ளே இருந்தது. இருட்டில் எழுந்து வெளியே வரும்போது சின்னப் பிள்ளையிலிருந்து பிடித்துப் பழகிய அதே மாதிரி நிலைதான் என்று பிறகு சொன்னாள். அந்தக் கணக்கு என் வரைபடத்தில் இருக்கவில்லை.

இந்தத் தடவை கண் திறந்திருந்தது. சுவர், கூரை, அம்மி, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இருபத்திரண்டு நிமிடம். நான் இஸ்தோப்பில் நின்றேன். முப்பத்தொரு வருஷத்தில் நான் கையெழுத்திட்ட எந்த வேலையையும் அப்படி நின்று பார்த்ததில்லை.

“ஏங்க, அடுப்பு தப்பான மூலையில இருக்கு. இப்படி வச்சா புகை தொட்டிலுக்குத்தான் போகும். ஆறாவது கடிதம் எழுதுங்க. வாசலையும் நாலு அங்குலம் கூட்டச் சொல்லுங்க. எல்லாருக்கும் இழுக்கத் தெரியாது.”

சக்கரக் கதிரையில் வருவோருக்கு அங்கே அனுமதி இலவசம். காலையில் ஒரு சீட்டு மிச்சம் என்று மகிழ்ந்திருந்தேன். திரும்பும்போது அவள் கதிரையைச் சீட்டு ஜன்னலுக்கு விட்டாள்.

“எனக்கு ஒன்னு குடுங்க. போன தடவ என்னைத் தூக்கிட்டுப் போனாங்க. இன்னைக்கு நான் வந்திருக்கேன்.”

அந்தச் சீட்டைக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்தாள். நான் பணம் கொடுத்தேன். வான் கூலி, சீட்டு இரண்டு, தேநீர் மூன்று: ஒன்பதாயிரத்து நூற்று ஐம்பது ரூபாய்.