எக்ஸ்சேஞ்சு சுப்புலட்சுமியின் கராத்தே

சங்கரன்கோவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்த சுப்புலட்சுமிக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. "லைன் என்னம்மா ஆச்சு?" என்று யாராவது இரண்டாம் முறை கேட்டால், வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போனை வைப்பார்கள். 1984 ஆனியில் ஆபீஸர் கூப்பிட்டு, இன்னொரு புகார் வந்தால் ராமநாதபுரத்துக்கு மாற்றல் என்று சொல்லிவிட்டார். கணவனுக்கு இங்கே விசைத்தறி, பிள்ளைகளுக்கு இங்கே பள்ளிக்கூடம். அவள் போனால் குடும்பம் இரண்டாகும்.

அந்த மாதமே கராத்தே வகுப்பில் சேர்ந்தாள். கோபத்துக்காக இல்லை. டூட்டி முடிந்து வரும் வழியில் தெருநாய்கள் துரத்தின, அதற்காக.

மாஸ்டர் சங்கரசுப்பு அவளைவிட எட்டு வயது இளைய பேங்க் கிளார்க். "குத்தும்போது வயித்துல இருந்து கத்தணும்க்கா" என்றான். மற்றப் பெண்கள் வெட்கப்பட்டு முனகினார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சுப்புலட்சுமி போட்ட சத்தத்தில் அடுத்த தெருக்காரர் எட்டிப் பார்த்தார். நமக்கென்றே உண்டான கலை என்று பூரித்துப் போனாள்.

வினை அடுத்துத்தான் இருந்தது. சம்மணமிட்டு, கண்ணை மூடி, மூச்சை எண்ண வேண்டுமாம். ஜென் தியானம் என்றான் சங்கரசுப்பு. மூன்று எண்ணுவதற்குள் தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்தது. "நம்பர் ப்ளீஸ்" என்றாள் சுப்புலட்சுமி, கண்ணைத் திறக்காமலே. வகுப்பே குலுங்கிச் சிரித்தது.

"மணி அடிச்சா அடிச்சிட்டுப் போவட்டுமே. நீங்க உடனே எடுக்கணுமாக்கும்? முழுசா கேளுங்க, அது போதும்க்கா" என்றான் சங்கரசுப்பு.

அந்த ஒன்றைப் பழக அவளுக்கு நாலு மாதம் பிடித்தது.

ஐப்பசியில் ஒருநாள் பருத்தி புரோக்கர் கோமதிநாயகம் லைனில் வந்தார். முந்தைய புகார்களை எழுதியவரே அவர்தான். "கோயம்புத்தூர் லைன் கேட்டு ஒரு மணி நேரமாச்சு. அங்கன என்ன தூங்குதியா?"

பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மூச்சை மெல்ல விட்டாள். அவர் கத்தி முடிக்கும் வரை கேட்டாள். முழுசாகக் கேட்டபோதுதான் அந்தக் குரல் நடுங்குவது தெரிந்தது.

"கோயம்புத்தூர்ல யாருக்கு என்ன, அண்ணாச்சி?"

அவர் குரல் இறங்கியது. "மகளுக்குப் பிரசவம்மா. ஆபரேஷன்னு காலையில தந்தி வந்துச்சு. அதுக்குப் பெறவு ஒண்ணும் தெரியல."

கோயம்புத்தூர் லைன் போகும் மதுரை எக்ஸ்சேஞ்சின் ஆபரேட்டரைப் பிடித்து, கெஞ்சிக் கூத்தாடி லைன் வாங்கிக் கொடுத்தாள். தாயும் பிள்ளையும் சுகம் என்று எதிர்முனையில் சொன்னதும் அவ்வளவு பெரிய மனிதர் விம்மி அழுதார். அவள் லைனை விட்டு விலகிக்கொண்டாள்.

மாற்றல் தப்பியது என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது. பத்து வருஷமாக இந்தக் காதில் கத்தியவர்களில் எத்தனை பேர் பயத்தில் கத்தினார்களோ, ஒருவர் சொன்னதையும் முழுசாகக் கேட்காமல் பதிலுக்குக் கத்தித் தொலைத்தோமே என்று மனசு அடித்துக்கொண்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். போர்டில் நாலு பேர் லைனுக்காகக் காத்திருந்தார்கள்.