பின்னுக்குத் திருப்பிய மூட்டு

போன கிழமை எங்கள் குளியலறைக் குழாயைத் திருத்த வந்தவர் போகும்போது கொஞ்சம் சணல் நாரைக் கைகழுவும் தொட்டிக்குள் விட்டுவிட்டுப் போய்விட்டார். எடுத்து எறியத்தானே வேண்டும்? நான் மணந்து பார்த்தேன். மனிசி பார்த்துக்கொண்டு நின்றா. "என்னப்பா, அதையும் விடமாட்டியளோ?" வீட்டைப் பூட்டிய பிறகும் மூன்று தரம் திரும்பி வந்து அடுப்பைப் பார்க்கிற ஆளோடு வாழ்கிறவ. அவவுக்கு எதுவும் புதினமில்லை.

வைக்கோலும் பழைய எண்ணெயும் கலந்த மணம் அது. குழாயின் மரையில் இந்த நாரைச் சுற்றி, பசை பூசி இறுக்குவோம். ஊரில் சண்டை முடிந்து இரண்டு வருஷம் இருக்கும், சுவிஸில் ஊஸ்டர் என்ற இடத்தில் ஒரு ஹீட்டிங் கொம்பனியில் வேலை. நிலத்திலும் சுவரிலும் துளை போட்டு வெந்நீர்க் குழாயை மாடிக்கு மாடி கொண்டுபோகவேண்டும். ஒன்பதாம் வகுப்போடு நின்ற எனக்கு அது பெரிய உத்தியோகம்தான்.

என்னோடு சோடியாய் வேலை செய்தவர் துரை அண்ணை, மட்டக்களப்பு. எதற்கும் கடைசியில் ஒரு 'கா' போடுவார். "இதைப் பிடி கா." "சாப்பிட்டியா கா." யாழ்ப்பாணத்தான் என்ற நினைப்பில் நான் அதை எங்களோடு வேலை செய்த போர்த்துக்கல்காரருக்கு நடித்துக் காட்டினேன். அன்றிலிருந்து அவருக்குக் காக்கா என்று பெயர். அவர்கள் பாஷையில் அது மலம். அவருக்கு விளங்க ஒரு மாதம் எடுத்தது. விளங்கின பிறகும் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார். நான் நன்றாகச் சிரித்தேன்.

ஒவ்வொருவரும் தான் இறுக்கிய மூட்டில் தன் நிறச் சோக்கால் கோடு போடவேண்டும். எனக்கு நீலம், அவருக்குச் சிவப்பு. ஒழுகினால் ஆளைப் பிடிக்கவேண்டுமே.

அந்த மாதம் அவர் தற்காலிகமாய் இருக்கவிடுகிற எஃப் விசாவிலிருந்து வதிவிட விசாவான பி விசாவுக்கு எழுதிப் போட்டிருந்தார். நிரந்தர வேலை என்று கொம்பனி ஒரு கடிதம் கொடுக்கவேண்டும். விசா வந்தால், ஏழு வருஷமாய்க் காணாத மனிசியையும் மகளையும் கூப்பிடலாம். மாத முடிவில் தருகிறேன் என்று ஷெஃப், அதுதான் எங்கள் முதலாளி, சொல்லியிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, நாங்கள் திருத்திக்கொண்டிருந்த பழைய மாடிவீட்டில் குழாய்களுக்கு அழுத்தம் ஏற்றிப் பார்த்து, ஒரு சொட்டும் இல்லை என்று மீற்றரைக் கழற்றினார்கள். திங்கட்கிழமை அதற்குமேல் சீமெந்து ஊற்றுவார்கள். இரண்டு நாளும் எனக்கு நித்திரையில்லை. திங்கள் காலை முதல் ஆளாய்ப் போய், என் மூட்டுகளையெல்லாம் தொட்டுப் பார்த்தேன். பிறகு அவருடையதையும். இரண்டாம் மாடியில் ஒன்று இளக்கம் போல் பட்டது. குழாய்க் குறட்டால் பிடித்துக் கொஞ்சம் இறுக்கினேன். மேலே பார்த்து நிற்கவேண்டிய குழாய் வாய் சரிந்துவிட்டது. பின்னுக்குத் திருப்பி நேராக்கினேன். சணல் சுற்றிய மூட்டைப் பின்னுக்குத் திருப்பினால் ஒழுகும். முதல் நாளே சொல்லித் தருகிற விஷயம். கொஞ்சம்தானே என்று நினைத்தேன். பத்து மணிக்குச் சீமெந்து வந்தது.

மூன்று கிழமையில் முதலாம் மாடிக் கூரை நனைந்தது. நிலத்தை உடைத்தார்கள். சிவப்புக் கோடு.

"காக்கா" என்றார் ஷெஃப். அவருக்கும் அந்தப் பெயர்தான் தெரியும்.

துரை அண்ணைக்கு ஜெர்மன் போதாது. என்னைப் பார்த்தார். "நான் வடிவா இறுக்கினநான் எண்டு சொல்லு மனே. நீயும் பாத்தநீதானே."

"தனக்கு ஞாபகமில்லையாம்" என்று நான் ஷெஃபுக்கு மொழிபெயர்த்தேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்குக் கிடைத்திருக்கக்கூடியது ஒரு பேச்சு, மிஞ்சினால் ஒரு எச்சரிக்கைக் கடிதம். அது அப்போதும் தெரியும்.

அவருக்கு வேலை போனது. கடிதம் இல்லை. விசாவை மறுத்துவிட்டார்கள். சில மாதம் கழித்துப் போன் எடுத்தார்.

"உண்மையைச் சொல்லு மனே. நான் இறுக்கினது பிழையா?"

"ஓம் அண்ணை. கொஞ்சம் இளக்கமாத்தான் இருந்தது."

"அப்ப சரி கா. நான் வேற ஆரையோ பிழையா நினைச்சி வீணாப் பாவம் தேடிக்கிட்டன்" என்றார்.

இப்போது அந்தக் கொம்பனி இல்லை. ஷெஃப் செத்துப்போனார். அந்த வீட்டையும் இடித்துப் புதிதாய்க் கட்டிவிட்டார்கள். துரை அண்ணை எந்த நாட்டில் என்று கேட்டால் ஆளுக்கொரு நாடு சொல்கிறார்கள். போன கிழமை அவருடைய பழைய நம்பருக்கு அடித்தேன். யாரோ ஒரு சுவிஸ்காரி எடுத்தா. அவவிடம் இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தேன்.