கிழமைக்கு ஓர் ஆட்டம்

கோப்பிக் கேத்தல் சீறினால் போதும், வியா மக்வேதா தெருவுக்குப் பின்னாலிருந்த எங்கள் பழைய வீடு நினைவுக்கு வந்துவிடும்.

ஒரு ஞாயிறு. அமெரிக்காவிலிருந்து வந்திருந்த மாமாவும் அப்பாவும் மேசையில் தட்டித் தட்டி வாதாடினார்கள். அமெரிக்கக் கால்பந்தில் எது பெரிய சாதனை?

“ஒரே வருசத்திலை அத்தனை டச்டவுனுக்குப் பந்தெறிஞ்சவன்தான், அத்தான்.”

“இல்லை மச்சான். வருசக்கணக்கா ஒரு ஆட்டமும் தவறவிடாமல் விளையாடினானே, அவன்தான்!”

சிஞ்ஞோரா என்று நாங்கள் சொல்லும் முதலாளியம்மா வீட்டில் வேலை முடித்து அப்போதுதான் வந்த அம்மா, சப்பாத்தைக் கழற்றியபடியே கேட்டார்.

“கிழமைக்கு எத்தினை ஆட்டம்?”

“ஒண்டு.”

“ஒண்டோ! நான் ஞாயிறும் வேலை செய்துபோட்டு வாறன்.”

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா எழுந்துபோய்க் கேத்தலை அடுப்பில் வைத்தார்.

இதோ, இன்றும் சீறுகிறது. அம்மா கால் நீட்டி இருக்கிறார், குசினியில் அப்பா. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் கோப்பி அப்பாவின் வேலை. ஒரு கிழமையும் தவறவிட்டதில்லை.