வெள்ளிமலை பஸ் திரும்பி இறங்கிய மதியம்

மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. சென்னையிலிருந்து வந்த பஸ் என்னை உளுந்தூர்பேட்டையில் இறக்கிவிட்டபோது காலை பத்து மணி. லாரிப் புகையும் தார்ச்சாலைச் சூடும் முகத்தில் அறைந்தன. பதினைந்து ரூபாய்க்கு மோர் வாங்கிக் குடித்துவிட்டுக் கள்ளக்குறிச்சி பஸ் ஏறினேன். அங்கிருந்து கல்வராயன் மலைமேல் உள்ள வெள்ளிமலைக்குப் போவதாகத் திட்டம். நாலு நாளாவது வெயிலிலிருந்து தப்பிக்கலாம் என்பதுதான் ஆசை.

மதியம் 12.15. வெள்ளிமலை பஸ் புறப்பட்டது. என் முன் இருக்கையில் பொன்னுசாமி, அவர் மனைவி பச்சையம்மாள். மலைக்காரர்கள். சமவெளியில் செங்கல் சூளை வேலை முடித்து ஊர் திரும்புகிறார்கள். முன்பெல்லாம் பகல் முழுக்கக் கல் அறுப்போம், இந்த வருஷம் பதினொரு மணிக்கு மேல் நிற்கவே முடியவில்லை என்றார் பச்சையம்மாள். கணவருக்கு மூன்று நாளாக நெஞ்சில் பாரமாம். வெக்கை என்று நினைத்து மோர் கொடுத்துப் பார்த்திருக்கிறார்.

வடக்கனந்தல் தாண்டி, மலைப்பாதையில் மூன்று வளைவு ஏறியதும் பொன்னுசாமி முன்கம்பியில் சாய்ந்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. பக்கத்து இருக்கைப் பெண் எழுந்து வந்தார். பெயர் தமிழரசி, மலைமேல் சுகாதார நிலையத்தில் நர்ஸ்.

"இன்னா பண்ணுதுங்க?"

"நெஞ்சுல கல்ல வச்ச மாதிரி கீது. எடது கை வலிக்குது. மேல போனா குளிர்ச்சி, சரியாப் பூடும்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தமிழரசி அவர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஓட்டுநரிடம் போனார்.

"அண்ணே, இது ஹார்ட்டு. மேல போனா நேரந்தான் போவும். வண்டியைத் திருப்புங்க."

ஓட்டுநர் கேள்வி கேட்கவில்லை. அந்த வளைவிலேயே, நடத்துநர் இறங்கிக் கை காட்ட, பள்ளத்தின் ஓரம்வரை பின்னால் வந்து பஸ்ஸைத் திருப்பினார். நாற்பது பேருக்கு மேல் இருந்தோம். காய்கறி மூட்டையோடு வந்தவர்கள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. தமிழரசி ஆம்புலன்ஸை அழைத்தார். டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு, தன் பையிலிருந்த ஆஸ்பிரின் மாத்திரையைக் கொடுத்துப் பொன்னுசாமியை மென்று விழுங்க வைத்தார். பச்சையம்மாள் முந்தானையை நனைத்து அவர் கழுத்தைத் துடைத்தபடியே வந்தார்.

1.40. கச்சிராயபாளையத்தில் ஆம்புலன்ஸ் எதிரே நின்றது. அவர்களை ஏற்றிவிட்டு, அதே பஸ் மறுபடி மலை ஏறியது.

வழியில் தமிழரசி விளக்கினார். வெயிலில் உடம்பைக் குளிர வைக்க இதயம் கூடுதலாக இரத்தத்தைத் தோலுக்குத் தள்ள வேண்டியிருக்கிறது. வியர்வையில் தண்ணீர் போகப் போக இரத்தம் கெட்டியாகிறது. இதயத்துக்குப் போகும் குழாயில் ஏற்கெனவே அடைப்பு இருந்தால் அங்கே இரத்தம் உறைந்து முழுவதும் அடைத்துவிடலாம். கோடை நீள நீள இப்படி வருகிறவர்கள் ஜாஸ்தி ஆகிறார்கள். பாதிப் பேர் வெயில் மயக்கம் என்று வீட்டிலேயே படுத்துவிடுகிறார்கள் என்றார். மலைமேலும் இரண்டு வருஷமாகத்தான் மின்விசிறி தேவைப்படுகிறதாம்.

வெள்ளிமலையில் நான் தங்கிய நாட்களில் அருவி பார்த்தேன், சாமைச் சோறு சாப்பிட்டேன். ஆனாலும் மனம் கீழேயே இருந்தது. சனிக்கிழமை இறங்கியதும் நேராகக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன். பொன்னுசாமி எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடைப்பைக் கரைக்க ஊசி போட்டார்களாம். நேரத்துக்கு வந்ததால் பிழைத்தார் என்று டாக்டர் சொன்னாராம்.

பச்சையம்மாள் பக்கத்துக் கட்டிலைக் காட்டினார். அதில் ஒருவர் கையில் டிரிப்ஸ் குழாயோடு படுத்திருந்தார்.

"இவரும் எங்க சூளைதாங்க. நேத்து நெஞ்சு பாரமா கீதுன்னு அவரு சம்சாரம் போன்ல சொல்லிக்கினு இருந்தா. வெக்கைன்னு வுட்டுடாத, உடனே கூட்டிக்கினு வான்னு சொன்னேன்."

சென்னையில் என் எதிர்வீட்டுக்காரர் மூன்று நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடந்தால் எனக்குத் தெரியவருமா? அந்தக் கேள்வியோடுதான் ஊர் பஸ் ஏறினேன்.