மனைவிக்கு வேலை, எனக்கு இன்டர்வியூ

போன வாரம் ஒரு வாசகி மெயில் போட்டிருந்தார். ‘ரெண்டு வாரமா உங்க பத்தியில கல்பனா மேடத்தைக் காணோமே… உடம்பு சரியில்லையா, இல்ல சண்டையா?’

இரண்டும் இல்லை. என் மனைவி மாலத்தீவில் இருக்கிறாள். கடலுக்கு நடுவே ஒரு குட்டித் தீவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். நன்றாக இருக்கிறாள். ஆனால் அவள் போய்ச் சேர்ந்த கதை இருக்கிறதே, அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி. நான் டெல்லியில் அரசாங்க ஆடிட் பிரிவில் வேலை பார்ப்பவன். மற்றவர்கள் ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டதை, ‘சரிதானா?’ என்று கேட்பதுதான் என் தொழில். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிற ஆள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சட்டையோடு சேர்த்து அதையும் கழற்றி மாட்டிவிட முடியுமா என்ன?

கல்பனா ஈரோட்டுக்காரி. கல்யாணமான நாளிலிருந்து தனியார் பள்ளிகளில் வேலை. எல்லாமே ஒப்பந்தம். ஏப்ரல் வந்தால், ‘அடுத்த வருஷம் பார்க்கலாம் மேடம்’ என்பார்கள். இடையில் எனக்கு நாக்பூர் போஸ்டிங் வந்தது, பிறகு குவாஹாத்தி. ஒவ்வொரு முறையும் அவள் இருந்த வேலையை விட்டுவிட்டு என்னோடு கிளம்பினாள். டெல்லிக்குத் திரும்பி வந்து, மறுபடியும் மூன்றாம் வகுப்பிலிருந்து ஆரம்பித்தாள்.

மகள் நிலா புனேயில் வேலைக்குச் சேர்ந்து போன மறு மாதம், சப்பாத்தி தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

“ஏனுங்க, வெளிநாட்டுல டீச்சர் வேலைக்குப் பார்க்கலாம்னு இருக்கேன்.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

முதலில் டெல்லியிலேயே முனிர்காவில் ஓர் ஏஜென்டைப் பார்க்கப் போனோம். குறுகலான சந்து, கீழே மோமோ கடை, மாடியில் ஆபீஸ். சுவர் முழுக்க விமானப் படங்கள். நாற்காலியில் இருந்தவர் வாயெல்லாம் தேன்.

“டென்ஷன் மத் லீஜியே சார்! மேடம் கா காம் ஹோ கயா சமஜியே.”

கவலையே வேண்டாம், வேலை கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாமாம். எந்தப் பள்ளி, எந்த நாடு என்று கேட்டால் மட்டும் பதில் வழுக்கியது. கடைசியில் பாஸ்போர்ட்டையும் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகளையும் தன்னிடமே விட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கல்பனா ஃபைலை எடுத்துக் கைப்பையில் வைத்துவிட்டாள். “வாங்க, போலாமுங்க.”

படியிறங்கும்போது எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். பார்த்தாயா, நான் சொன்னேன் இல்லையா! இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அவள் அத்தோடு விடவில்லை. ஏஜென்ட் யாரும் வேண்டாமென்று, பள்ளிகள் தாங்களே கொடுக்கும் விளம்பரங்களைத் தேடித் தேடி விண்ணப்பம் போட்டாள். ஒரு நாள் நான் ஆபீசிலிருந்து வந்தபோது, டைனிங் டேபிளில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, யாருக்கோ பின்னம் நடத்திக்கொண்டிருந்தாள். மாலத்தீவில் ஒரு பள்ளிக்கு டெமோ வகுப்பாம். குரலே வேறு மாதிரி இருந்தது. வீட்டில் நான் கேட்டறியாத குரல்.

வகுப்பு அவர்களுக்குப் பிடித்துவிட்டது. பிரின்சிபால் ஒரு முறை வீடியோவில் பேச வேண்டும், அதன் பிறகு முடிவு என்று மெயில் வந்தது.

அவ்வளவுதான்… எனக்குள் இருந்த ஆடிட்டர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

மெயிலில் ஓர் எழுத்துப் பிழை. ஏன்? பள்ளிக்கூடம் எழுதும் மெயிலில் பிழை வரலாமா? பள்ளியின் போட்டோவில் கடல் இவ்வளவு நீலமாக இருக்கிறதே, உண்மையான கடல்தானா? மேப்பில் அந்தத் தீவைத் தேடினேன். அரிசி மணி அளவுக்கு ஏதோ தெரிந்தது. பெரிதாக்கினால் நாலு கூரை, ஒரு மைதானம். பள்ளிதான் என்பதற்கு என்ன ஆதாரம்? சினிமா செட்டாக இருந்தால்?

நிலாவுக்கு போன் போட்டேன். “அப்பா, பஸ் கரோ! போதும்ப்பா! கடலுக்கு நடுவுல போயி யாரு செட் போடுவா?” என்று வைத்துவிட்டாள்.

இரவு சாப்பிடும்போது கல்பனா கேட்டாள்.

“உங்களுக்குச் சந்தேகம் அந்த ஸ்கூல் மேலயா… இல்ல, நான் போறது மேலயா?”

“ஸ்கூல் மேலதான். வேற என்ன?”

“சரிங்க.” தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

இன்டர்வியூ நாள். கல்பனா நீலக் காட்டன் புடவையில் கேமரா முன்னால். நான் கேமராவுக்குத் தெரியாத இடத்தில், ஃபிரிட்ஜ் ஓரமாக, ஸ்டூலில். திரையில் பிரின்சிபால் வந்தார். ஷாஹிதா மேடம் என்று பெயர். வட்ட முகம், கனத்த கண்ணாடி, நிதானமான இங்கிலீஷ். இந்தக் காலத்தில் திரையில் தெரிகிற முகத்தையா நம்புவது? கம்ப்யூட்டரே முகம் செய்கிறது!

“ஜன்னலைக் காட்டச் சொல்லு” என்று கிசுகிசுத்தேன். கல்பனா கண்டுகொள்ளவில்லை. “ஜன்னல்… ஜன்னல்…”

திரையில் பேச்சு நின்றது.

“மிஸஸ் கல்பனா, பக்கத்தில் யாரோ உங்களுக்குப் பதில் சொல்லிக்கொடுப்பதுபோல் இருக்கிறதே?”

யோசித்துப் பாருங்கள். மோசடிப் பள்ளியைப் பிடிக்க உட்கார்ந்த நான், மோசடி செய்ததாகப் பிடிபட்டேன்! கல்பனாவின் காது சிவந்தது. “என் கணவர், மேடம். பதில் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. உங்களை நம்பாமல், ஜன்னலைக் காட்டச் சொல்கிறார்.”

“அப்படியா? நல்லதாகப் போயிற்று. அவரைக் கூப்பிடுங்கள். அவரிடமும் பேச வேண்டும் என்றுதான் இருந்தேன்.”

மேலே சட்டை, கீழே லுங்கி. அப்படியே போய் உட்கார்ந்தேன்.

அவர் முதலில் ஜன்னலைத்தான் காட்டினார். வெளியே மழை. மணல் மைதானத்தில் பிள்ளைகள் நனைந்துகொண்டே பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு டீச்சர் வராந்தாவில் நின்று கத்திக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் செய்த காட்சியில் இவ்வளவு சேறு இருக்காது.

“சார், இப்போது என் சந்தேகம்” என்றார் ஷாஹிதா மேடம். “இதே வேலைக்கு முன்பு வந்த இரண்டு பேரும் நல்ல டீச்சர்கள். வருஷத்தின் நடுவில் விட்டுவிட்டுப் போனார்கள். வீட்டிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பாதிக் கணக்கு அப்படியே நிற்கிறது. நீங்கள் இவரைத் திரும்பக் கூப்பிடுவீர்களா?”

கல்பனா குறுக்கிட்டாள். “ஆம்பளை டீச்சர் வந்தா அவங்க சம்சாரத்தையும் இப்படிக் கேப்பீங்களா, மேடம்?” இதை இங்கிலீஷில், இன்னும் மரியாதையாகத்தான் கேட்டாள்.

“நிச்சயமாக. முதலில் போனவர் ஆண்தான். கூப்பிட்டது அவர் மனைவி.”

இரண்டு பேரும் இப்போது என்னையே பார்த்தார்கள். ‘கூப்பிட மாட்டேன் மேடம்’ என்று சொல்ல ஒரு நொடி போதும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்தில் கல்பனாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. குவாஹாத்திக்குப் பெட்டி கட்டிய அன்று இருந்த அதே முகம்… நான் என்ன சொன்னாலும் சரி என்று சொல்லப் பழகிப்போன முகம்.

“கூப்பிடுவேன், மேடம்” என்றேன்.

கல்பனா தலை குனிந்துகொண்டாள்.

“மகளும் இல்லாத வீடு. தனியாக இருந்து எனக்குப் பழக்கமில்லை. பயமாகத்தான் இருக்கிறது. அதனால் என்றைக்காவது கட்டாயம் கூப்பிடுவேன். ஆனால் அவள் வரக் கூடாது. நான் கூப்பிட்டேன் என்று வந்து லீவு கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.”

ஷாஹிதா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“முன்னால் இரண்டு வீட்டிலும் ‘கூப்பிடவே மாட்டோம்’ என்றுதான் சொன்னார்கள்” என்றார்.

அழைப்பு முடிந்தது. கல்பனா எழுந்து போய்க் காபி போட்டாள். டம்ளரை என் முன்னால் வைத்தபடி கேட்டாள்:

“அப்ப, ஸ்கூல் மேல இல்ல?”

“இல்ல.”

“தெரியுமுங்க.”

அந்த வார இறுதியிலேயே வேலை உத்தரவு வந்துவிட்டது. வந்த மெயிலில் இன்னோர் எழுத்துப் பிழை இருந்தது. கண்ணில் பட்டதோடு சரி, சொல்லவில்லை.

அப்புறம் நம்ம ஊர்ச் சாமான்கள் கிடைக்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனோம். புளி, அப்பளம், பெருங்காயம், சாம்பார்ப் பொடி. வெளிநாடு போகிறவளுக்கு என்றுதான் கிளம்பினோம். வீட்டில் வந்து பையைப் பிரித்தால், முக்கால்வாசி எனக்கு! டப்பா டப்பாவாக ஸ்டிக்கர் ஒட்டி அடுக்கினாள். ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாக. ‘பருப்பு வெந்துச்சான்னு எப்படிப் பார்ப்பீங்க? சொல்லுங்க.’ அயல்நாட்டு வாழ்க்கைக்குத் தயாராவது என்பார்களே, அது கிளம்புகிறவர்களுக்கு மட்டும் என்று யார் சொன்னது? மிஞ்சி நிற்கிறவனுக்கு அவனுடைய சமையலறையே அயல்நாடுதான்.

நமக்கு முன்பின் தெரியாதவர்களைச் சந்தேகப்படுவது ஜாக்கிரதை. அதை நான் விடச் சொல்லமாட்டேன்; முனிர்கா மாடியில் அதுதான் எங்களைக் காப்பாற்றியது. ஆனால் கூடவே இருக்கிற ஒருத்தி கதவைத் திறக்கும்போது மட்டும் நமக்கு ஆயிரம் சந்தேகம் வருகிறதென்றால், அதை ஜாக்கிரதை என்று சொல்லிக்கொள்வது நமக்கு நாமே எழுதிக்கொள்ளும் பொய்க் கணக்கு.

ஏர்போர்ட்டில் டிராலியைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே போனாள். வாசல் காவலரிடம் டிக்கெட்டைக் காட்டினாள், வரிசையில் நின்றாள், நகர்ந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பினால் அங்கேயே கூப்பிட்டுவிடுவேனோ என்று சந்தேகம்போல… நியாயமான சந்தேகம்தான்!