பாட்டரிக்கு வைத்த பொட்டு

தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வண்டி கிளம்பாவிட்டால் முதலில் எதைப் பார்ப்பது, அடுத்து எதைத் தொடுவது என்ற வரிசையை வகுப்பு வகுப்பாக ஒப்பிக்க வைத்திருக்கிறேன். இதை எழுதக் கூசுவது அதனால்தான்.

போன ஆயுத பூஜைக்குப் பிறகு, இருபத்தைந்து வயதான என் கார் காலையில் கிளம்ப மறுத்தது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் இரண்டு சுற்று முனகும். பிறகு வெறும் ‘டிக்’. பத்துத் தடவை கெஞ்சினால் ஒரு தடவை கிளம்பும். மனைவி கெடு வைத்தாள்.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள நீங்க சரி பண்ணிட்டா வண்டி இருக்கட்டும். இல்லன்னா பரவையிலருந்து என் தம்பி வாங்குற ஆளைக் கூட்டிட்டு வாரான், குடுத்துருங்க. அழகர்கோவில் போற வழியில எறங்கித் தள்ள என்னால ஆகாது.”

வரிசைப்படி ஆரம்பித்தேன். வோல்ட் மீட்டரைப் பாட்டரியின் தலையில் துருத்தும் ஈயக் குமிழ்களில் வைத்தேன். அளவு சரி. பாட்டரி தேறிவிட்டது, ஆகவே அந்தப் பக்கமே மறுபடி திரும்பவில்லை. பிளக்குகளைத் துடைத்தேன். கார்ப்பரேட்டரைப் பிரித்து மாட்டினேன். கையில் பெட்ரோல் வாடை, பிசைந்த சோற்றிலும் அதே வாடை. கடைசியில் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, ஆட்டோவில் கோரிப்பாளையத்தில் மோட்டார் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் தன் பாட்டரியில் கொடுத்துச் சுற்றிக் காட்டினார்.

“மோட்டார் பம்பரமா சுத்துது அண்ணே. கோளாறு வேற எங்கயோ. நீங்க வாத்தியாராச்சே, உங்களுக்குத் தெரியாததா?”

சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்து மோட்டாரைத் திரும்ப மாட்டினேன்.

ஞாயிறு காலை மைத்துனன் ஒரு காய்கறி வியாபாரியோடு வந்து நின்றான். சாவியைத் திருப்பினேன். முனகல். டிக்.

“அத்தான், அதுக்கும் ரிட்டயர்மென்ட் குடுங்க. நீங்க மட்டும் வாங்கிக்கிட்டா எப்படி?” என்றான்.

வியாபாரி சிரிக்கவில்லை. பானெட்டுக்குள் கையை விட்டு, பாட்டரிக் குமிழைக் கவ்வியிருக்கும் கம்பிக் கிளாம்பைத் தொட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“இம்புட்டுச் சூடா இருக்கே! இதைக் கழட்டிப் பாத்தீகளா அண்ணே?”

கழற்றினார். கிளாம்புக்கும் குமிழுக்கும் நடுவே, மின்சாரத்தை மறித்துக்கொண்டு, காய்ந்து இறுகிப் பச்சை பூத்த சந்தனம். பூஜையன்று பாட்டரியைக் கழுவிப் படையலில் வைத்தவன் நான். மனைவி குமிழ்களில் சந்தனம் அப்பிப் பொட்டு வைத்தாள். வைத்த பொட்டை அழிக்கலாமா என்று, அதன் மேலேயே கிளாம்பை மாட்டி முடுக்கியவனும் நானே. மீட்டரைக் குமிழில் வைக்காமல் கிளாம்பில் வைத்து ஸ்டார்ட் பண்ணியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். மாணவன் எவனாவது இதைச் செய்திருந்தால் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பேன்.

வியாபாரி சுரண்டி மாட்டி, சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே கிளம்பியது.

“அப்ப வண்டி இருக்கட்டும்,” என்றேன்.

“நீங்களா சரி பண்ணீங்க? அவருல்ல பண்ணுனாரு,” என்றாள் மனைவி.

சாவியை வியாபாரியிடம் கொடுத்தேன். புறப்படும்போது வியாபாரி, “அக்கா, உங்க கையால வண்டிக்கு ஒரு பொட்டு வச்சு விடுங்க,” என்றார்.

அவள் சந்தனக் கிண்ணத்தோடு வருவதற்குள் பானெட்டை அழுத்தி மூடினேன்.