கொல்லன் மகன்கள் இருவர்

தங்கவேலு சார் இல்லை. காலையில் அவர் மகள் போன் செய்தாள். தூக்கத்திலேயே போய்விட்டாராம்...

பழைய மாணவர்கள் பலர் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். அதனால்தான் உடனே எழுதுகிறேன். உங்களுக்குத் தமிழ் நடத்திய அதே தங்கவேலு சார்தான்.

அறுபதுகளின் தொடக்கம். ஆவூர்ப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் நானும் அவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம்.

பழைய சொற்கள் என்றால் அவருக்கு உயிர். "டீச்சர், அந்தக் காலத்துல பொன்னுன்னா தங்கம் மட்டும் இல்ல. வெள்ளி, வெண்பொன். இரும்பு, கரும்பொன். அப்படிப் பாத்தா எங்கப்பாவும் பொன் வேலைக்காரர்தான்" என்பார்.

அவர் அப்பா பக்கத்து ஊரில் கொல்லர்.

பள்ளி மேனேஜர் ஃபாதர் மெக்கோவன் அயர்லாந்துக்காரர். தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சாரும் அவரும் சொற்களைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஒருநாள் சார் கேட்டார். "ஃபாதர், ஒங்க பேருக்கு என்னங்க அர்த்தம்?"

"மெக் என்றால் மகன். கோவன் என்பது கொல்லன். எங்கள் முன்னோர் யாரோ பட்டறை வைத்திருந்திருக்கிறார். நான் கொல்லன் மகன்."

சாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அப்ப நாம பங்காளிங்க."

மெக்கும் மகனும் ஒரே சொல்லாக இருக்குமோ என்று நான் இடையில் புகுந்தேன்.

"சத்தம் ஒத்துப்போச்சுன்னா சொந்தம்னு சொல்லிறக் கூடாது டீச்சர். எங்க ஊர்ல பாதிப் பேரு கருப்பையா. எல்லாரும் ஒரே வீடா?"

அந்த வருஷம் ஆடியில் சாரின் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அம்மா முன்பே இல்லை. நல்ல மழை பெய்து, ஊரே ஏர் பூட்டக் காத்திருந்தது. கலப்பைக் கொழுவைக் காய்ச்சி அடித்துக் கொடுக்க ஆள் இல்லை.

அந்த ஊர்த் தலைவர், அம்பலம் என்போம், நாலைந்து பேருடன் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"ஏப்பா தங்கவேலு, வாத்தியார் வேலைக்கு ஆயிரம் பேரு வருவான். கொழு அடிக்க ஒன்ன விட்டா யாரு இருக்கா? நீ வரலேன்னா வெளியூர்க் கொல்லனத்தான் கூட்டியாரணும். பட்டறையும் வீடும் அவனுக்குத்தான் போகும். கோவிச்சுக்காத."

பட்டறையும் அதை ஒட்டிய வீடும் ஊர்ச் சொத்து. வேலை செய்கிறவர்தான் அங்கே குடியிருக்கலாம். எழுந்து நடக்க முடியாத அப்பாவை எங்கே கொண்டு போவது...

மதியம் சார் ஃபாதரிடம் போனார். நானும் அங்கேதான் இருந்தேன். "நான் வேலைய விட்டர்றேன் ஃபாதர்" என்றார். அவர் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் அவர்தான்.

ஃபாதர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பட்டறைக்கு எத்தனை பேர் வேண்டும்?" என்றார்.

"அப்பா ஒக்காந்தபடியே பதம் சொல்லிருவாரு. நான் அடிச்சிருவேன். துருத்தி இழுக்கத்தான் ஆளில்ல."

"விடியற்காலையில் நான் வருகிறேன். என் பேரில் இருக்கும் வேலையை நான் ஒருநாளும் செய்ததில்லை."

சாரின் முதல் பீரியட் என்னிடம் வந்தது. அவர் வகுப்பையும் என் வகுப்பையும் சேர்த்து உட்காரவைத்து நடத்தினேன்.

மறுநாள் கொழுவோடு பட்டறைக்கு வந்த அம்பலம் பதறிவிட்டாராம். ஃபாதரின் வெள்ளை அங்கி முழுக்கக் கரி.

"சாமி, எந்திரிங்க. எங்களுக்குப் பாவம் வந்துரும்."

"வரட்டும். மன்னிப்புக் கொடுப்பதும் என் வேலைதான்."

கட்டிலில் சாய்ந்திருந்த சாரின் அப்பாதான் முடித்துவைத்தார். "அம்பலம் சொல்றதக் கேளுங்க சாமி. நீங்க இழுக்குற இழுப்புக்கு இரும்பு காயாது."

அம்பலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துருத்தியில் உட்கார்ந்தார்.

அதன்பிறகு கொழு கொண்டுவருகிறவரே தன் முறைக்குத் துருத்தி இழுத்தார். பள்ளி மணி அடித்துக் கொஞ்ச நேரத்திலெல்லாம் சார் சைக்கிளில் வந்துவிடுவார். அறுவடை முடிந்ததும் குன்றாண்டார்கோவிலிலிருந்து அவர் சித்தப்பா மகன் வந்து பட்டறையை ஏற்றுக்கொண்டார். அப்பா கடைசிவரை அதே வீட்டில்தான் இருந்தார்.

அந்தத் தம்பி வந்த மறுநாள். முதல் மணி அடித்த கையோடு சார் என் வகுப்பு வாசலில் நின்றார். உள்ளங்கை இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது.

"டீச்சர், என் பீரியடக் குடுத்துருங்க."

ரிட்டயர் ஆகும்வரை அதை அவர் யாருக்கும் விடவில்லை. ஹெட்மாஸ்டர் ஆன பிறகும்.

சாயங்காலம் எடுக்கிறார்களாம். கிளம்பிவிட்டேன் சார்...